அந்தப் பத்தும் செபமாலை அண்ணருடையவை

போன செவ்வாய்க்கிழமை காலை கடையின் இரும்புக் கதவை அரைவாசி தூக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. செபமாலை அண்ணரின் மனைவி ஞானம் அக்கா. "றஸீனா, அவர் போயிட்டார். விடிய ஆறு மணிக்கு. நீ அவசரப்படாமல் ஆறுதலா வா" என்றார். குரலில் அழுகை இல்லை. ஒரு மாதமாக அழுது முடித்திருந்தார். நான் கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் இருந்துவிட்டேன். பிரதி எடுக்க வந்த இரண்டு பேர் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள்.

வியாழக்கிழமை அவருடைய ஊரான ஓலைத்தொடுவாயில் அடக்கம் நடந்தது. சனிக்கிழமை என் தொலைபேசிக்கு ஒருவர் ஓர் அஞ்சலிக் குறிப்பை அனுப்பினார். கொழும்பில் முன்பு மோட்டார் மாத இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த, 'வேகப்பிரியன்' என்ற புனைபெயர்க்காரர் எழுதியது. 'மன்னார் தந்த என் அருமை நண்பர் செபமாலை மறைந்தார். கிரிசாவா காரின் மாற்றங்களை நாங்கள் இருவரும் சேர்ந்து கணித்த அந்த நாட்கள் நெஞ்சில் நிழலாடுகின்றன' என்று தொடங்குகிறது. கீழே நூற்றுக்கணக்கானவர்கள் கைகூப்பி இருக்கிறார்கள்.

இறந்தவரைப் பற்றி நல்லதையே எழுத வேண்டும் என்பார்கள். செபமாலை அண்ணரைப் பற்றி நான் நல்லதைத்தான் எழுதப்போகிறேன். வேகப்பிரியனைப் பற்றி எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார், நன்றாக எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கூடியவர்.

அண்ணரை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். சந்தியோகு செபமாலை ஓலைத்தொடுவாயில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதில் படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருபது வருடங்களுக்கு மேல் அகதியாக இருந்தார். ஞானம் அக்காவை அங்கேதான் கலியாணம் செய்தார். பகலில் இராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடைந்தார். அந்தப் பட்டறை முதலாளி, கையும் சாமானும் துடைப்பதற்காக எடைக்கு வாங்கிப் போட்ட பழைய கடுதாசிக் கட்டுகளுக்குள் வெளிநாட்டு மோட்டார் இதழ்கள் கிடந்தன. அண்ணர் அவற்றைத் துடைக்கக் கொடுக்காமல் ஒளித்து வைத்தார். ஆங்கிலம் சரியாக வாசிக்க வராது. படங்களையும் குறுக்குவெட்டு வரைபடங்களையும் பார்த்துப் பார்த்தே எஞ்சின்களைப் படித்தார்.

அந்த ஆசை எப்படி வந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். "தங்கச்சி, ஆறு மணிக்குள்ள முகாமுக்குத் திரும்பி, பேர் கூப்பிடேக்க கை தூக்க வேணும். அப்பிடி இருக்கிற மனிசனுக்கு மணித்தியாலத்துக்கு முந்நூறு ஓடுற வாகனத்தில ஆசை வராமல் வேற எதில வரும்?" என்றார்.

போர் முடிந்து இரண்டாம் வருடம் அவரும் ஞானம் அக்காவும் ஊர் திரும்பினார்கள். ஒரே மகள் அங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டாள். நானும் திரும்பி வந்தவள்தான். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு பையோடு புத்தளம் போய், நாற்பதை நெருங்கும் வயதில் வந்து, மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிரதி எடுக்கும் இயந்திரமும் இரண்டு கணினியும் வைத்துக் கடை போட்டேன். அந்த நாட்களில் திரும்பி வந்த சனத்துக்கு எதற்கெடுத்தாலும் பிரதி வேண்டும். மாவட்டக் கச்சேரிக்கு ஒன்று, கிராம விதானைக்கு ஒன்று, வீட்டுத் திட்டத்துக்கு மூன்று.

அப்படி ஒரு பிரதிக்குத்தான் அண்ணர் முதல்முறை வந்தார். எனக்கு முன்னால் இருந்த கணினியில் யாரோ பார்த்துவிட்டுப் போன ஒரு காரின் படம் திறந்து கிடந்தது. அவர் பத்திரங்களை என் கையில் தந்துவிட்டு, படத்துக்குக் கிட்டக் குனிந்தார்.

"இது அடுத்த கிரிசாவா எல்லே" என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"ஓம், அதுதான். மூடி மறைச்சு ஓட்டிப் பாக்கினம். இஞ்ச பாருங்கோ, இந்தப் பின்சில்லு கொஞ்சம் திரும்பி நிக்குது. முன்சில்லு மட்டும்தான் திரும்ப வேணும். இதில பின்னுக்கும் திரும்புது."

நான் பார்த்தேன். எனக்கு ஒரு சில்லும் திரும்பியதாகத் தெரியவில்லை. அவர் என் மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்துத் திரையில் வைத்து, சில்லின் விளிம்பு உடம்போடு சமாந்தரமாக இல்லை என்று காட்டினார். அதன்பிறகு எனக்கும் தெரிந்தது. அன்று அவர் பத்திரங்களை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

கிரிசாவா என்பது ஜப்பானில் செய்யும் இரண்டு கதவு வேகக் கார். சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். என்ன மாற்றம் என்பதைக் கம்பனி கடைசிவரை மறைத்து வைக்கும். உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டி, தெருவில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதைப் படம் பிடிக்க உலகம் முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து, அடுத்த பதிப்பில் என்ன கூடும், என்ன குறையும் என்று ஊகிப்பதற்கு இன்னும் பெரிய கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எங்கள் மன்னார்த் தீவிலும் ஒருவர் இருந்தார். அவர் பேசாலைப் பக்கம் ஒரு பட்டறையில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் சைக்கிளில் வருவார். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கணினியைத் தொடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் தேடித் தருவேன். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எனக்குத் தெரிந்த மட்டும் தமிழில் சொல்வேன். ஆறு மாதத்தில் எனக்கும் பைத்தியம் தொற்றிவிட்டது. வீட்டில் மீன் அரியும்போது பிரேக் தட்டின் அளவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் வேகப்பிரியனின் இதழில் போட்டி அறிவித்தார்கள். அடுத்த கிரிசாவாவில் வரப்போகும் மாற்றங்களை வாசகர்கள் கணித்து அனுப்ப வேண்டும். ஆகக் கூடுதலாகச் சரி வருபவருக்கு, கார் கொழும்புக்கு வரும்போது ஓட்டத்தளத்தில் அதில் ஏறி ஒரு சுற்று வரலாம். ஒரே ஒரு சுற்று. அண்ணர் அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தார்.

பிறகு பட்டறையில் மூன்று நாள் விடுப்பு எடுத்து என் கடையில் வந்து இருந்தார். அவர் சொன்னார், நான் தட்டச்சு செய்தேன். மொத்தம் பதினொரு கணிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் தன் கையால் வரைந்த படமும் இருந்தன. எஞ்சின் பெரிதாகும், ஆனால் முன்மூடி பழையதைவிடப் பதிந்து நிற்கிறது. அப்படியென்றால் எஞ்சினைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். இறக்குவதற்கு அடியில் எண்ணெய் கிடக்கும் தட்டை எடுத்துவிட்டு, எண்ணெயை வேறொரு தாங்கியில் வைத்திருக்க வேண்டும். இப்படியே ஒன்றைப் பிடித்து ஒன்றுக்குப் போவார். பின்சில்லு திரும்பும். கூரை கார்பன் நாரில் வரும். பதினோராவதாக, கையால் கியர் மாற்றுவது இனி இராது என்று சொல்லும்போது மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. "இது பிழைச்சுப்போனால் நல்லம். ஆனால் அப்பிடித்தான் தெரியுது. எழுதுங்கோ" என்றார்.

பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபாற்கந்தோர் தந்த துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து இதழ் வந்தது. போதிய கடிதங்கள் வராதபடியால் போட்டி கைவிடப்பட்டதாக ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். நடுப்பக்கத்தில் 'எனது கணிப்பு' என்று வேகப்பிரியனின் கட்டுரை. பதினொரு கணிப்பு. அண்ணரின் படங்களை யாரையோ கொண்டு அழகாகத் திருப்பி வரைவித்திருந்தார்கள். நான் தட்டச்சில் விட்ட ஒரு எழுத்துப் பிழைகூட அப்படியே இருந்தது. 'தாங்கி' என்பதை ஓரிடத்தில் 'தங்கி' என்று அடித்திருந்தேன். அதுவும் நடுப்பக்கத்தில் தங்கியிருந்தது.

அண்ணர் வாசித்து முடித்துவிட்டு, "பொறுப்பம். முதலில கார் வரட்டும்" என்றார்.

கார் வந்தது. பதினொன்றில் பத்து அச்சொட்டாகச் சரி. கியர் மட்டும் பிழைத்தது. கம்பனி கையால் மாற்றும் கியரைக் கைவிடவில்லை. அன்று அண்ணர் சிரித்த சிரிப்பை நான் பிறகு காணவில்லை. "பிழைச்சதுதான் எனக்குப் பெரிய சந்தோசம் தங்கச்சி" என்றார். அடுத்த மாதம் வேகப்பிரியனைக் கம்பனி ஜப்பானுக்கு அழைத்துத் தொழிற்சாலை காட்டியது. தொலைக்காட்சியில் பேட்டி கொடுத்தார். கிரிசாவாவின் ஓட்டுநர் இருக்கையில் அவர் இருக்கும் படம் அட்டையில் வந்தது. தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

இதழின் உரிமையாளருக்கு இரண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை. கடைசியில் என் கடையிலிருந்து வேகப்பிரியனுக்கே தொலைபேசி எடுத்தோம். நான் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தேன். அண்ணர் தன் பெயரைச் சொல்லி, பதினொரு கணிப்பும் தன்னுடையவை என்பதை இதழில் இரண்டு வரியில் போட்டால் போதும் என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, நீங்க மன்னார்ல என்ன வேலை செய்றீங்க?" என்றார் அவர்.

"படகு எஞ்சின் திருத்துறனான்."

"அதுக்கு முன்னாடி?"

"முகாமில இருந்தனான். மண்டபத்தில."

அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது. "அப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க. இத நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு நான் போட்டா யாரு நம்புவா? உங்களுக்கெல்லாம் வீடு குடுக்கிறாங்க, போட் குடுக்கிறாங்க, இப்ப காரும் வேணுமா?"

அண்ணர் "சரி" என்று மட்டும் சொல்லி, தொடர்பைத் துண்டிக்கத் தெரியாமல் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன. நானும் வீட்டுத் திட்டத்தில் பெயர் பதிந்திருந்தவள். அந்தச் சிரிப்பு எனக்கும் சேர்த்துத்தான் சிரிக்கப்பட்டது. இன்றைக்கும் ஒரு பாத்திரம் கழுவும்போது திடீரென்று அது காதில் கேட்கும்.

அன்று தெருவைப் பார்த்துக்கொண்டே அண்ணர் சொன்னார்: "தங்கச்சி, இவன் ஒண்டையும் அளந்து பாக்கிறவன் இல்லை. மற்றவன் அளந்ததை எடுக்கிறவன். அப்பிடியான ஆளுக்கு ஒரு சாமான் குடுக்க வேணும். அளந்து பார்த்தால் பிழை தெரியிற சாமான்."

அந்தச் சாமானைச் செய்ய அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

பட்டறை வேலை முடிந்தபிறகு நின்று, உடைந்த படகு எஞ்சின்களின் அலுமினியத்தை உருக்கி வார்த்தார். லேத்தில் கடைந்தார். உள்ளே சுழலும் விசிறி இதழ்களை அரத்தால் ஒவ்வொன்றாக ராவினார். இரண்டு முறை பிழைத்து மீண்டும் உருக்கினார். முடிந்தபோது உள்ளங்கையில் அடங்கும் ஒரு அழகான உருப்படி கிடந்தது. நத்தை ஓட்டைப்போல் சுருண்ட உடம்பு, நடுவில் பன்னிரண்டு இதழ் விசிறி, பின்னால் மின்வயர் மாட்ட இடம். எஞ்சினுக்குள் காற்றை மின்சாரத்தால் ஊதித் தள்ளும் கருவி அடுத்த கிரிசாவாவில் வரும் என்று அப்போது உலகமெல்லாம் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் கருவி என்றுதான் தோன்றும். உண்மையில் அது எதையும் ஊதாது. விசிறியின் இதழ்களை அவர் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் சரித்திருந்தார். சுழன்றால் காற்றை வெளியேதான் தள்ளும்.

விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடுகளாக ஏதோ எழுத்துச் செதுக்கியிருந்தது. நான் ஜப்பான் எழுத்தா என்று கேட்டேன். அவர் என் கைப்பையைக் காட்டி, கண்ணாடி இருக்கா என்றார். கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். 'ஓலைத்தொடுவாய் செபமாலை செய்தது' என்று தமிழில் இருந்தது. அத்தனை எழுத்தையும் இடம் வலம் மாற்றிச் செதுக்கியிருந்தார்.

படகு எஞ்சின் வந்த பெட்டியிலிருந்த சாம்பல் நிறப் பஞ்சின்மேல் வைத்து நான் படம் எடுத்தேன். கடிதமும் நான்தான் எழுதினேன். என் பங்கை மறைக்கப்போவதில்லை. அண்ணர் ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருந்தார். "கிரிசாவா எண்ட சொல்லு எங்கட கடுதாசியில வரக்கூடாது. நாங்கள் பொய் சொல்லக்கூடாது. அவன் சொல்ல வேணும்" என்றார். ஆகவே புதிய மின்னஞ்சல் ஒன்றிலிருந்து, பெயருக்கு இரண்டு முதலெழுத்தை மட்டும் போட்டு, ஒரு வரி அனுப்பினேன்: 'இந்தச் சாமான் என் கையில் கிடைத்தது. இது என்னவென்று உங்களால் சொல்ல முடியுமா?'

அவரால் முடிந்தது. பதினைந்து நாளில் அட்டையில் போட்டார். 'உலகில் முதன்முதலாக' என்று தலைப்பு. உள்ளே எட்டுப் பக்கம். அடுத்த கிரிசாவாவின் இரகசிய உறுப்பு, தொழிற்சாலையிலுள்ள தனது நண்பர் மூலம் கிடைத்தது, விளிம்பில் உள்ளது ஜப்பானிய உற்பத்திக் குறியீடு, இதனால் வேகம் இவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். விசிறியின் இதழ்கள் எந்தப் பக்கம் சரிந்திருக்கின்றன என்று அவர் பார்க்கவேயில்லை.

நாங்கள் பத்து நாள் பொறுத்தோம். இதழ் எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேரட்டும் என்றார் அண்ணர். பிறகு அவர் தன் முழுப் பெயரும் முகவரியும் போட்டு ஒரு வாரப் பத்திரிகைக்கும், கிரிசாவாவை இறக்குமதி செய்யும் முகவர்களுக்கும் கடிதம் எழுதினார். பழைய பதிவுத் தபால் துண்டின் பிரதி, பதினொரு படங்களின் பிரதி, உருப்படியின் படம் எல்லாவற்றையும் இணைத்தோம். கடிதத்தின் கடைசி வரி: 'இம்மாத அட்டையைத் தயவுசெய்து ஒரு கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள்.'

பத்திரிகை அதை அப்படியே வெளியிட்டது. அன்று காலை என் கடைக்குப் பக்கத்துச் சலூனில் ஒருவரும் தலைமயிர் வெட்டவில்லை. அந்த நீளக் கண்ணாடிக்கு முன்னால் இதழைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முகத்தில் சவர்க்கார நுரையோடு ஒருவர் எழுந்து, "செ... ப... மா..." என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். அண்ணர் என் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஒரு எஞ்சினைப் பூட்டி முடித்து முதல்முறை முடுக்கிவிட்டு, சத்தம் சீராக வருகிறதா என்று காதுகொடுப்பாரே, அந்த முகம்.

முகவர்கள் விளம்பரங்களை நிறுத்தினார்கள். உரிமையாளர் வேகப்பிரியனை வீட்டுக்கு அனுப்பினார். இன்னும் இரண்டு இதழ் வந்து, பிறகு அதுவும் நின்றது. அதில் வேலை செய்த மற்றவர்களும் வேலையிழந்தார்கள் என்று கேள்விப்பட்டபோது அண்ணர் ஒரு புதன்கிழமை முழுவதும் கணினியைத் தொடாமல் இருந்தார். "அவையளை நான் யோசிக்கேல்லை" என்றார். அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. நான் இப்போது எழுதிவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து வேகப்பிரியன் மன்னாருக்கு வந்தார். பஸ்ஸில் வந்தார். பட்டறைக்குப் போய் விசாரித்து, அண்ணர் என் கடையில் இருப்பதறிந்து வெயிலில் நடந்து வந்தார். படத்தில் கண்டதைவிட மெலிந்திருந்தார். அண்ணர் எழும்பி அவருக்குக் கதிரை கொடுத்தார். என்னிடம் தேத்தண்ணி போடச் சொன்னார்.

வந்தவர் தன் நிலைமையைச் சொன்னார். எந்தப் பத்திரிகையும் சேர்க்கவில்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள், எல்லாம் நண்பர்களுக்குள் செய்த ஒரு விளையாட்டு என்று அண்ணர் ஒரு கடிதம் தந்தால் போதும் என்றார். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும்போது எனக்கு இரக்கம் வந்தது. வந்ததை நான் வெளியே விடவில்லை.

அண்ணர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. பதினொண்டில ஒண்டு பிழைச்சது. எது அது?" என்றார்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "பிரேக்கா?" என்றார். பிறகு, "கூரைன்னு நினைக்கிறேன்" என்றார்.

"கியர்" என்றார் அண்ணர். "ஒரு கிழமை நித்திரையில்லாமல் யோசிச்சு, மனமில்லாமல் எழுதினது. உங்கட பேரில வந்திருக்கு. அது பிழைச்சதுகூட உங்களுக்குத் தெரியாது."

"நீங்க வேதக்காரர். உங்க வேதத்துல மன்னிக்கச் சொல்லியிருக்கே" என்றார் வந்தவர்.

"ஓம், சொல்லியிருக்கு. அதுக்கு நான் ஆண்டவருக்குப் பதில் சொல்லிக்கொள்ளுறன். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ. ரெண்டு மணி பஸ்ஸை விட்டால் பிறகு நாலரைக்குத்தான்."

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்.

இந்தப் பழிக்கு அண்ணரும் ஒரு விலை கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கு ஞானம் அக்கா சொல்லித்தான் தெரியும். அந்தத் தொலைபேசி நாளுக்குப் பிறகு அவர் கோயிலில் நன்மை எடுப்பதில்லை, பூசையில் பாதர் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்குவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போவார். மற்றவர்கள் எழும்பி வரிசையில் பீடத்துக்குப் போகும்போது அவர் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிடுவார். சின்ன ஊர். எல்லோரும் பார்ப்பார்கள். "மன்னிக்காமல் நன்மை எடுத்தால் அது களவு. நான் களவெடுக்க மாட்டன்" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கிறிஸ்மஸுக்கும் பாஸ்காவுக்கும்கூட எழும்பவில்லை. ஞானம் அக்கா அதற்காக அழுதிருக்கிறார், சண்டை பிடித்திருக்கிறார், மருதமடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். அவர் அசையவில்லை.

நான் ஒருநாள் அதைப்பற்றி அவரிடம் பேசினேன். எங்கள் மார்க்கத்தில், ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் ஹக்கை, அதாவது உரிமையைப் பறித்தால், பறிகொடுத்தவன் மன்னிக்கும்வரை அந்தப் பாவம் அப்படியே நிற்கும் என்று சொல்லித்தந்திருக்கிறார்கள் என்றேன். மன்னித்தால் நன்மை கூட என்றும் சொல்லியிருக்கிறார்கள், அதையும் சொன்னேன். அவர் முதல் பாதியைத்தான் கேட்டார். "நல்ல சட்டம். உங்கட ஆக்களுக்கு விளங்கியிருக்கு" என்றார்.

போன வருடம் ஈரலில் வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். கடைசி மாதம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். திங்கட்கிழமை பின்னேரம் நான் போயிருந்தபோது பங்குத்தந்தை நோயில் பூச, கடைசி எண்ணெய் பூசிச் செபிக்க வந்தார். நான் எழும்ப, அண்ணர் இருக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினார். வாசலோடு நின்றேன்.

"செபமாலை, உங்களுக்குத் தீமை செய்த எல்லாரையும் மன்னிக்கிறீங்களா?" என்று பாதர் குனிந்து கேட்டார்.

அண்ணருக்குக் குரல் எழும்பவில்லை. ஆனாலும் தெளிவாகக் கேட்டது. "ஒரு ஆளைத் தவிர, பாதர்."

ஞானம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பாதர் கொஞ்ச நேரம் எண்ணெய்ச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வயதில் சின்னவர்தான். பிறகு, "சரி. அந்த ஒரு ஆளை என்னட்ட விடுங்கோ" என்று சொல்லி நெற்றியில் பூசினார். அண்ணர் கண்ணை மூடிக்கொண்டார். சம்மதமா, களைப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அடக்கப் பூசையில் பாதர் அவரை நேர்மையான தொழிலாளி, நல்ல கணவர் என்றார். மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லாரையும் மன்னித்துப் போனார் என்ற பொய்யைச் சொல்லாமல் விட்டதற்காக நான் அவருக்கு நன்றியுடையவள்.

அண்ணர் கிரிசாவாவில் ஒருநாளும் ஏறவில்லை. நேரில் கண்டதும் இல்லை. அந்த ஒரு சுற்றை அவரிடமிருந்து எடுத்தவர், அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் இப்போது 'நாங்கள் இருவரும் சேர்ந்து' என்று எழுதுகிறார். செபமாலை மன்னிக்காமல் போனார். அவருக்குப் பதிலாக மன்னிக்க எனக்கு உரிமையில்லை, உரிமை இருந்தாலும் செய்யமாட்டேன். இந்த எழுத்தை என் இயந்திரத்திலேயே இருநூறு பிரதி எடுத்து, முதலாவதை வேகப்பிரியனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை பாதர் பூசிவிட்டுப் போனபிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். என் தொலைபேசியில் அந்தக் கிழமை வந்த படம் ஒன்று இருந்தது. சுழிகள் ஒட்டிய கார், மழையில் நனைந்த ஏதோ ஒரு தெருவில் நிற்கிறது. அண்ணரின் முகத்துக்கு நேரே பிடித்தேன். நெடுநேரம் பார்த்தார். பெரிதாக்கச் சொல்லி விரலை அசைத்தார். பிறகு மூச்சு வாங்கி வாங்கி நாலு விடயம் சொன்னார். நான் கையிலிருந்த மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். எழுதி முடிந்ததும், "பேரைப் போடுங்கோ" என்றார்.

போட்டிருக்கிறேன் அண்ணன். நீங்கள் போயிட்டு வாங்கோ. கார் வரும்போது சரி பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த கிரிசாவா: முன்சில்லுகளுக்கும் மின்சாரத்தால் உந்துவிசை வரும். புகைக்குழாய்கள் இரண்டும் நடுவுக்கு வரும். பின்கண்ணாடி சிறுக்கும். கையால் மாற்றும் கியர் இந்த முறையும் இருக்கும்.

கணித்தவர்: சந்தியோகு செபமாலை, ஓலைத்தொடுவாய்.